140 என்று எழுதிக் கொடுத்தேன், 65-இல் வந்து நின்றது: சிசிடிவியில் வண்டியின் வேகம் பார்த்த கதை

2023 செப்டம்பர் 23. புரட்டாசி முதல் சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த்தில் புரட்டாசி பிறந்தால் பாதித் தெரு கறி மீனை நிறுத்திவிடும். சனிக்கிழமை காலையில் எந்த வாசலைக் கடந்தாலும் சாம்பிராணி வாசம்தான். நானும் குளித்து முடித்து, பாயசத்தை ஒரு தூக்கில் ஊற்றி முன் சீட்டில் வைத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன். எங்கள் தெரு நல்ல இறக்கம். பக்கத்து வீட்டு மாமரம் மறைப்பதால், காரின் மூக்கைக் கேட்டுக்கு வெளியே நீட்டினால்தான் மேலிருந்து வருகிற வண்டி கண்ணில் படும். நீட்டினேன். வலது பக்கத்திலிருந்து வந்த ஒரு பக்கி, அதாவது இங்கே எல்லோரும் அப்படிச் சொல்லும் பிக்கப் வண்டி, என் காரின் முன்பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை. பாயசம் சீட்டின் இடுக்கெல்லாம் இறங்கிவிட்டது. அந்தப் புளித்த வாடை போக இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் காரில் ஏறும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும்.

என் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். அப்போது ஊரில் இல்லை. நாகர்கோவிலில் இருக்கும் அம்மாவிடம் சொன்னால் தூங்க மாட்டாள் என்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், ஏப்ரலில் கையைக் கடித்ததால் கார் இன்சூரன்ஸை நிறுத்தியிருந்தேன். அதை வெளியே சொல்லவே வெட்கமாக இருந்தது. ஆக, இதையெல்லாம் தனியாகத்தான் சுமந்தேன். அந்தச் சமயத்தில் "இதைச் செய், இதைச் செய்யாதே" என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் பாதிப் பணமும் முக்கால் பங்கு கண்ணீரும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கிழமை காவல் நிலையத்தில் போய் விபத்தைப் பதிவு செய்தேன். இங்கே ஆளுக்கு அடிபட்டால் 24 மணி நேரத்துக்குள்ளும், வண்டிக்கு மட்டும் சேதம் என்றால் அடுத்த வேலை நாளிலும் பதிவு செய்ய வேண்டும். இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். திரும்பி வரும்போது எங்கள் வீட்டுக்கு எதிரே, பெட்டிக்கடை மாதிரி இருக்கும் டக்‌ஷாப்பில் கேமரா இருப்பது நினைவுக்கு வந்தது. கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளை. உள்ளே கூட்டிப்போய்ப் போட்டுக் காட்டினான். திரையின் இடது ஓரத்தில் பக்கி நுழைகிறது, கண் மூடித் திறப்பதற்குள் என் காரில் மோதுகிறது. பார்க்கப் பார்க்க உடம்பு நடுங்கியது. "என்ன வேகத்தில் வந்திருக்கான் பாருங்க ஆன்டி" என்றான் அவன். அந்த வார்த்தைதான் என் மனதில் பற்றிக்கொண்டது. அவனே மானிட்டரை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஆதாரம் கையில் இருக்கிறது என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் முதல் தவறு அதுதான். தெருவின் மேல் பக்கம் இன்னொரு வீட்டிலும் கேமரா உண்டு. பக்கி இறங்கி வந்த நீளம் முழுக்க அதில் பதிவாகியிருக்கும். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, அக்டோபர் 2ஆம் தேதிதான் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர்கள் கேமராவின் பதிவுப் பெட்டியில் ஏழு நாள்தான் நிற்குமாம். டிஸ்க் நிரம்பினால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும், யாரும் அழிக்க வேண்டியதில்லை. இரண்டே நாள் தாமதம். வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன். அங்கிருந்து நேராக டக்‌ஷாப்புக்கு ஓடினேன். அங்கே மூன்று வாரம் வரை இருக்கும் என்று தம்பி சொன்னபோதுதான் மூச்சு வந்தது. பென்டிரைவில் இரண்டு விதமாக எடுத்துக் கொடுத்தான். ஒன்று டிவிஆரின், அதாவது அந்தப் பதிவுப் பெட்டியின், சொந்த வடிவத்தில் உள்ள மூலக் கோப்பு, என் கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை. இன்னொன்று எல்லாப் பிளேயரிலும் ஓடும்படி மாற்றிய வீடியோ. "எதுக்கும் ரெண்டும் இருக்கட்டும் ஆன்டி" என்றான். அவன் சொன்ன அந்த "எதுக்கும்" தான் ஒரு வருடம் கழித்து என்னைக் காப்பாற்றியது.

உங்களுக்கு இப்படி ஒன்று நடந்தால் அன்றைக்கே தெருவில் இருக்கும் எல்லாக் கேமரா வீட்டுக்கும் போய்விடுங்கள். வெட்கப்படாதீர்கள். மூலக் கோப்பை அதே வடிவத்தில் வாங்குங்கள், கூடவே அதைத் திறக்கும் பிளேயரையும் அந்தப் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். விபத்துக்கு முன் ஐந்து நிமிடம், பின் ஐந்து நிமிடம் சேர்த்தே கேளுங்கள். திரையில் தெரியும் நேரத்தையும் உங்கள் போன் நேரத்தையும் ஒரே படத்தில் வருகிறாற்போல் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் டக்‌ஷாப் கேமராவின் கடிகாரம் 47 நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அது உங்கள் விபத்துதானா என்ற கேள்வியே பிறகு எழும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கி, மறுபடியும் எழுதி அனுப்புகிறது. அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் டாகுமென்ட்டாக அனுப்புங்கள், கோப்பு அப்படியே போகும்.

நவம்பரில் எதிர்த் தரப்பு இன்சூரன்ஸிலிருந்து கடிதம் வந்தது. பக்கியைச் சரிசெய்த செலவு 68,400 ராண்ட், முழுத் தவறும் என்னுடையது, கட்டு என்றார்கள். அவர்கள் ஆள் 60-இல்தான் வந்தாராம். ஊருக்குள் பொதுவான வேக வரம்பு 60 கிலோமீட்டர். என் காருக்கு, நசுங்கியதைத் தட்டிச் சரிசெய்யும் பேனல் பீட்டர் சொன்ன தொகை 23,500. கேட்டிலிருந்து சாலைக்கு வருகிறவர்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். நான் முழுக்கச் சரி என்று ஒருநாளும் நினைக்கவில்லை. ஆனால் அவர் வந்த வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டாமா? அந்தக் கோபத்தோடு அன்றிரவே உட்கார்ந்தேன்.

நான் கணக்கு எழுதும் வேலைதான் பார்க்கிறேன். எண்கள் எனக்குப் புதிதல்ல. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் வீட்டுப் பக்கம் இரண்டு விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன. மறுநாள் டேப் வைத்து அளந்தேன், 31 மீட்டர். மாற்றிய வீடியோவை விஎல்சி என்ற பிளேயரில் போட்டு, 'ஈ' விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பிரேமாக, அதாவது வீடியோவில் உள்ள ஒவ்வொரு தனிப் படமாக, நகர்த்தினேன். பக்கியின் முன்பக்கம் முதல் கம்பத்துக்கு நேரே வருவதிலிருந்து அடுத்த கம்பத்துக்கு நேரே வருவது வரை 20 பிரேம். கோப்பின் விவரத்தில் வினாடிக்கு 25 பிரேம் என்று இருந்தது. 20 பிரேம் என்றால் 0.8 வினாடி. 31 மீட்டரை 0.8 ஆல் வகுத்தால் வினாடிக்கு 38.75 மீட்டர், மணிக்கு 139.5 கிலோமீட்டர். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். கடிதம் வந்த ஐந்தாம் நாள், "உங்கள் ஆள் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்தார், என்னிடம் வீடியோ ஆதாரம் உள்ளது" என்று எழுதி அனுப்பினேன்.

ஜனவரியில் பதில் வந்தது. 140-இல் வந்து மோதியிருந்தால் இரண்டு வண்டிகளும் இந்த நிலையில் இருந்திருக்காது, உங்கள் கூற்றை ஏற்க முடியாது என்று நாலே வரி. சேதப் படங்களைப் பார்த்தால் யாருக்கும் அது புரியும். எனக்கு மட்டும் அந்த இரவில் புரியவில்லை. அந்த ஒரு எண்ணால், அதன்பின் நான் சொன்ன எதையும் அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதற்றத்தில் எண் எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இந்த நாட்டில் இப்படிப்பட்ட நஷ்டத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது. "கடிதம் கிடைத்தது, பொறுப்பை ஏற்கவில்லை, ஆதாரங்களைத் திரட்டி வருகிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதும்.

அடிபட்ட பிறகாவது நிதானித்தேனா என்றால் இல்லை. பிப்ரவரியில், வீடியோவை அனுப்பினால் செயற்கை நுண்ணறிவு கொண்டு வேகம் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று சொன்ன ஒருவருக்கு 6,500 ராண்ட் கட்டினேன். மூலக் கோப்பு திறக்கவில்லை என்றதும் வாட்ஸ்அப் கிளிப்பையே கேட்டார்கள். பன்னிரண்டு பக்க அறிக்கை வந்தது. வேகம் 121.47 என்று போட்டிருந்தது. தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் பார்த்ததும் நம்பிக்கையே வந்துவிட்டது. ஏப்ரலில் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். அவர் அறிக்கையைப் புரட்டிவிட்டு மூன்றே கேள்விதான் கேட்டார். "எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு அளந்தார்கள்? ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் எவ்வளவு நேரம் என்று எப்படித் தெரியும்? கூடக்குறைய எவ்வளவு?" மூன்றுக்கும் அதில் பதில் இல்லை. படத்தை வழுவழுப்பாக்க இடையிடையே புதிய பிரேம்களை மென்பொருளே உருவாக்கிச் சேர்த்ததாக ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தது. அதாவது கேமரா பார்க்காததை அது வரைந்திருக்கிறது. 6,500 ராண்ட் போனது போனதுதான். பணம் கொடுத்து யாரிடம் அறிக்கை வாங்கினாலும் முதலில் இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். மூலக் கோப்பு வேண்டாம் என்று சொல்கிறவரிடம் போகவே போகாதீர்கள்.

அதன்பிறகுதான் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. வேகம் பார்ப்பதில் இரண்டே பொருள், தூரமும் நேரமும். நான் இரண்டிலும் தவறியிருந்தேன்.

தூரத்தில் செய்த தவறு இது. விளக்குக் கம்பம் சாலைக்கு அப்பால் எங்கள் வீட்டு ஓரத்தில் நிற்கிறது. பக்கி அதற்கு இப்பால், கேமராவுக்குக் கிட்டத்தில் ஓடுகிறது. ரயிலில் போகும்போது கிட்டத்து மரம் வேகமாகவும் தூரத்து மலை மெதுவாகவும் நகர்வதுபோல் தெரிகிறதே, அதே கதைதான். கேமராவிலிருந்து கம்பம் 14 மீட்டர், பக்கியின் சக்கரத் தடம் சுமார் 12 மீட்டர். திரையில் ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் போவதுபோல் தெரிந்தாலும் வண்டி நிஜத்தில் ஓடியது அதைவிடக் குறைவு. இன்னொன்று, நான் பார்த்தது வண்டியின் பானெட் முனை. அது தரையில் இல்லை, அந்தரத்தில் இருக்கிறது. டயர் தரையைத் தொடும் புள்ளி ஒன்றுதான் சாலையில் எங்கே இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லத்தக்கது.

சரியாக அளந்த விதத்தை விரிவாகவே சொல்கிறேன், இது யாரும் செய்யக்கூடியது. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. தெருவில் வண்டி இல்லாத நேரம். நல்லகாலம், அந்தக் கேமராவை யாரும் தொட்டிருக்கவில்லை, அதே கோணம். அதை இடையில் திருப்பியிருந்தால் இந்த வேலையே முடியாது, அதனால் கேமராக்காரரிடம் முதல் நாளே கெஞ்சிக் கேட்டுக்கொள்ளுங்கள். கடையின் மானிட்டர்மேல் ஒரு கண்ணாடித்தாளை ஒட்டினோம். பழைய பதிவில் பக்கியின் வலது முன் டயர் தரையைத் தொடும் இடத்தை, தொடக்கப் பிரேமிலும் கடைசிப் பிரேமிலும், மெல்லிய மார்க்கரால் புள்ளி வைத்துக்கொண்டேன். பிறகு மானிட்டரை நேரலைக்கு மாற்றினோம். கண்ணாடித்தாளில் இரண்டு புள்ளி, அதன் பின்னால் இப்போதைய காலித் தெரு. பக்கத்து வீட்டு ஆயாவின் பேரன் ஒரு வெள்ளை பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சாலையில் நின்றான். தம்பி திரையைப் பார்த்துக் கத்தினான்: "இன்னும் மேலே... கொஞ்சம் உள்ளே... நில்லு." டப்பாவின் அடி புள்ளியில் உட்கார்ந்ததும் அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. ஆயா மேலே மேட்டில் நின்று, வண்டி வந்தால் கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏ பிள்ளே, சீக்கிரம், டாக்ஸி வருது" என்று அவள் கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது. டேப் பிடித்தோம். 26.4 மீட்டர். கேமரா லென்ஸ் ஓரங்களில் கோட்டை வளைத்துத்தான் காட்டும், இது போன்ற அகலக் கோண லென்ஸில் அது அதிகம். ஆனால் பழைய படத்தையும் டப்பாவையும் அதே லென்ஸ் ஒரே மாதிரிதான் வளைக்கிறது என்பதால் இந்த முறையில் அந்தத் தொல்லை அடங்கிவிடுகிறது. சாலைக் கோடுகளின் நீளம் இவ்வளவு என்று எங்காவது படித்ததை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், கோட்டை நேரில் போய் அளங்கள்.

நேரத்தில் செய்த தவறு இன்னும் பெரியது. 25 என்று நான் பார்த்தது கேமராவின் எண்ணே அல்ல. டிவிஆரின் அமைப்பில் போய்ப் பார்த்தால் வினாடிக்கு 15 பிரேம் என்று இருந்தது. டிஸ்க்கில் இடம் மிச்சமாகட்டும் என்று பெரும்பாலும் இப்படிக் குறைத்துத்தான் வைத்திருப்பார்கள். நேரக் குறிப்பு இல்லாத வீடியோ ஓட்டத்தை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது பல மென்பொருள்கள் தாமாகவே 25 என்று எழுதிவிடுகின்றன. 15-இல் பிடித்ததை 25-இல் ஓட்டினால் எந்த வண்டியும் பறக்கத்தான் செய்யும். கடையில் முதல் நாள் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பதற்றம் கேமராவால் வந்ததல்ல, ஆனால் வீட்டில் நான் நூறு தடவை திரும்பத் திரும்பப் பார்த்த அந்தப் பறக்கும் பக்கி பொய்தான். 20 பிரேமுக்கு 15 என்று வைத்தால் 1.333 வினாடி. 26.4 மீட்டருக்கு மணிக்கு 71 கிலோமீட்டர் வருகிறது.

அதுவும் முடிவல்ல. தெரிந்தவர் மகன் ஒருவன் கம்ப்யூட்டர் படித்தவன். எஃப்எஃப்புரோப் என்ற இலவசக் கருவியால் மூலக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு பிரேமும் எந்த மில்லி வினாடியில் பதிவானது என்று பட்டியல் எடுத்துக் கொடுத்தான். பெரும்பாலான இடைவெளிகள் 66 அல்லது 67 மில்லி வினாடி. இரண்டு இடத்தில் மட்டும் 133. அங்கே இடத்துக்கொரு பிரேம் பதிவாகாமல் விழுந்துபோயிருக்கிறது. படத்தைப் போய்ப் பார்த்தால் அது அப்படியே ஒத்து வந்தது: வழக்கமாகப் பிரேமுக்கு ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர்போல் நகர்கிற பக்கி, அந்த இரண்டு இடத்தில் மட்டும் இரண்டு மடங்கு தாவுகிறது. எந்தக் கருவியும் இல்லாதவர்கள் திரையில் ஓடும் வினாடி எண் மாறுவதிலிருந்து அடுத்த முறை மாறுவது வரை எத்தனை பிரேம் என்று எண்ணிப் பாருங்கள். 15 இருக்க வேண்டிய இடத்தில் 13 வந்தால் ஏதோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு அதே கேமராவின் முன்னால் பிடித்துப் பதிவு செய்தும் சரிபார்க்கலாம். ஆக மொத்தம் 1.467 வினாடி. வேகம் மணிக்கு 64.8.

140-இலிருந்து 65. அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. ஏழு மாதமாக நான் வெறுத்துக்கொண்டிருந்த ஆள், வரம்பைவிட ஐந்து கிலோமீட்டர் கூடுதலாக வந்த ஒரு சாதாரண மனிதர். இதை வக்கீலம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் போகாமலே இருந்தேன்.

போனபோது அவர் சொன்னது வேறு. முதல் முறையாக நம்பத்தக்க ஒரு எண் வந்திருக்கிறது, இதற்குக் கீழெல்லையும் மேலெல்லையும் போடுங்கள் என்றார். தூரத்தில் அரை மீட்டர், நேரத்தில் ஒரு பிரேம் கூடக்குறைய இருக்கலாம் என்று எங்களுக்குப் பாதகமாகவே வைத்துக் கணக்கிட்டோம். கீழே 61, மேலே 69. எனக்கு எதிராக எவ்வளவு வளைத்தாலும் 60-க்குக் கீழே இறங்கவில்லை. இன்னொரு வழியிலும் சோதித்தேன். அந்தப் பக்கி டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப், இங்கே டர்பன் பக்கத்தில் ப்ரொஸ்பெக்டன் ஆலையில் செய்வதுதான். அதன் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைத்தூரம் 3,085 மில்லிமீட்டர். வண்டியே ஒரு அளவுகோல். பிரேமுக்குப் பிரேம் அது அந்த இடைத்தூரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நகர்கிறது, அப்படிப் பார்த்தால் 66 அல்லது 67 வருகிறது. இந்த முறையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. மூன்று பிரேமுக்குள் முடிந்துவிடும் அளவு என்பதால் ஒரு பிரேம் பிசகினாலும் மூன்றில் ஒரு பங்கு தவறிப்போகும். வேறு வழியில் கிடைத்த எண்ணைச் சரிபார்க்க மட்டும் நல்லது. கடைசியாக, தெரிந்தவர் ஒருவரைத் தன் காரை 40-இல் இரண்டு தடவை அதே இடத்தில் ஓட்டச் சொன்னோம். காரின் மீட்டர் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதனால் போனின் ஜிபிஎஸ் வேகத்தை வைத்துக்கொண்டார். எங்கள் முறைப்படி 39-உம் 41-உம் வந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்தபோதுதான் முதல் தடவையாக என் கணக்கின்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம் வக்கீலம்மா என் கவனத்தை வேகத்திலிருந்தே திருப்பினார். அவர் 65-இல் வந்தாரா என்பதைவிட, 60-இல் வந்திருந்தால் நிறுத்தியிருக்க முடியுமா என்பதுதான் கேள்வி என்றார். என் காரின் மூக்கு கேட்டைத் தாண்டுவதிலிருந்து மோதல் வரை வீடியோவில் 2.9 வினாடி. வினாடிக்கு 18 மீட்டர் என்றால் அப்போது பக்கி சுமார் 52 மீட்டர் தள்ளி இருந்திருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி கேமராவில் விழாத தூரம், அங்கேயும் இதே வேகம் என்று வைத்துக்கொண்டுதான் சொல்கிறோம் என்று அறிக்கையிலேயே எழுதினோம். காய்ந்த தார்ச் சாலையில், கண்டு பிரேக்கில் காலை வைக்க ஒன்றரை வினாடி என்று வைத்தால், 60-இல் வருகிறவருக்கு நிற்க 45 மீட்டர் வேண்டும். இறக்கத்துக்கு இரண்டு மீட்டர் கூட்டிக்கொள்ளலாம். 65 என்றால் சுமார் 51, இறக்கத்தில் இன்னும் கூடி அந்த 52-ஐத் தாண்டிவிடும். இதோடு இன்னொன்று. மோதலுக்கு முந்தைய மூன்றே பிரேமில்தான் பக்கியின் பின் விளக்கு சிவக்கிறது. அதாவது ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. தூரத்திலேயே பிரேக் பிடித்தேன் என்று பக்கி ஓட்டியவர் எழுதிக் கொடுத்திருந்தார். நான் நூறு தடவை பார்த்த வீடியோதான், வேகத்தையே வெறித்துக்கொண்டிருந்ததால் அந்தச் சிவப்பு என் கண்ணில் படவே இல்லை.

இங்கே 1956ஆம் ஆண்டின் இழப்பீட்டுப் பங்கீட்டுச் சட்டப்படி தவறு இரு பக்கமும் இருந்தால் நஷ்டத்தையும் அந்த விகிதத்தில் பிரிப்பார்கள். மின்னணுப் பதிவை ஆதாரமாக ஏற்க 2002ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் அது எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்பதை வைத்துத்தான் எடை போடுவார்கள். அதற்காகப் பென்டிரைவில் இருந்த மூலக் கோப்பின் ஷா-256 கைரேகையை, அதாவது கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாள எண்ணை, எடுத்து, யார் எப்போது கொடுத்தார், யார் கையில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி, கடைக்காரத் தம்பியிடம் கையெழுத்து வாங்கினோம். அதை முதல் நாளே செய்திருக்கலாம், செலவே இல்லாத வேலை. சிறு வழக்கு மன்றத்தில் வக்கீல் இல்லாமல் பேசலாம், ஆனால் அங்கே உச்சவரம்பு 20,000 ராண்ட். எங்கள் இரண்டு தொகையும் அதைத் தாண்டியதால் அந்தக் கதவு திறக்கவில்லை.

2024 நவம்பரில் பேசி முடித்தோம். என் பங்கு 60, அவர் பங்கு 40. அவர்கள் கேட்ட 68,400-இல் என் பங்கு 41,040. என் காரின் 23,500-இல் அவர்கள் தர வேண்டியது 9,400. கழித்தால் நான் கட்டியது 31,640 ராண்ட். மாதம் நாலாயிரமாகக் கட்டி 2025 ஜூலையில் முடித்தேன். வக்கீல் செலவு 9,500, அந்த வீண் அறிக்கைக்கு 6,500, காரைச் சரிசெய்த 23,500. எல்லாம் சேர்த்து 71,140 ராண்ட். எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் 68,400-ஐயும் முழுதாகக் கட்டி என் காரையும் நானே பார்த்திருக்க வேண்டும். 140 என்று எழுதாமல் இருந்திருந்தால் அந்த ஆண்டின் முதல் பாதியிலேயே முடிந்திருக்கும் என்று வக்கீலம்மா சொன்னார். 40 சதவீதத்தைவிடக் கூடக் கிடைத்திருக்குமா என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

போன மாதம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு தம்பி வந்தான். அவனுடைய அப்பாவின் காரை யாரோ இடித்துவிட்டார்கள், எதிர்க் கடை கேமராவில் இருக்கிறது என்று போனை நீட்டினான். வாட்ஸ்அப் கிளிப். "அண்ணி, இதுல என்ன வேகம்னு பார்த்துச் சொல்லுங்க" என்றான். நான் போனை வாங்கவே இல்லை. எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டேன். நாலு நாள் என்றான். மேஜை டிராயரைத் திறந்து, காலியாக இருந்த ஒரு பென்டிரைவையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி அவனோடு அந்தக் கடைக்கு நடந்தேன்.